டிவி கேபிளில் இணையம் போகுமா?

கேள்வி: நியூ ஜெர்சியில், எடிசனில் இருக்கிறோம். 1990களில் கட்டிய மர வீடு. ஃபைபர் இணைப்பும் ரவுட்டரும் பேஸ்மென்ட்டில். மாடியில் நான் வேலை பார்க்கும் அறையில் வைஃபை சுற்றிக்கொண்டே இருக்கிறது. மெஷ் வாங்கி வைத்தும் மீட்டிங் நடுவே குரல் அறுந்துபோகிறது. சுவரைத் துளைக்க மனைவி சம்மதிக்கவில்லை. ஆனால் எல்லா அறையிலும் பழைய கேபிள் டிவி பாயின்ட் சும்மா கிடக்கிறது. நாங்கள் டிவி பார்ப்பதும் இணையத்தில்தான். அந்தக் கேபிளைப் பயன்படுத்த முடியுமா? கோவையில் அப்பா வீட்டிலும் இதையே செய்யலாமா?
– ஒரு வாசகர்

பதில்: தாராளமாக முடியும். சுவர் விஷயத்தில் நான் உங்கள் மனைவி பக்கம்.

முதலில் மெஷ்ஷைப் பற்றி. அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மாடியில் இருக்கும் மெஷ் பெட்டியும் இரண்டு தளம் தாண்டி பேஸ்மென்ட்டோடு காற்றில்தான் பேசுகிறது. உங்கள் லேப்டாப்புக்கு இருந்த அதே கஷ்டம்தான் அதற்கும். அதன் பின்னால் ஒரு வயரைச் செருகிவிட்டால் ஒழுங்காக வேலை செய்யும். அந்த வயர் உங்கள் சுவருக்குள் ஏற்கெனவே இருக்கிறது.

இதற்கான தொழில்நுட்பத்தின் பெயர் மோகா. 2004இல் சில நிறுவனங்கள் கூடி இதற்கென ஒரு கூட்டமைப்பைத் தொடங்கின. கேபிள் டிவி சிக்னல் பெரும்பாலும் 1002 மெகாஹெர்ட்ஸுக்குள் முடிந்துவிடும். மோகா அதற்கு மேலே, 1125 முதல் 1675 வரை ஓடுகிறது. அதனால் ஒரே கேபிளில் இரண்டும் மோதாமல் போகும். இணையத்தைக் கேபிளில் ஏற்றி இறக்க அடாப்டர் என்ற சின்னப் பெட்டி வேண்டும். மோகா 2.5 என்று போட்டதையே வாங்குங்கள். அதிகபட்சம் 2.5 கிகாபிட், இதை அந்தக் கேபிளில் இருக்கும் எல்லாப் பெட்டிகளும் பங்கு போட்டுக்கொள்ளும். பெட்டியில் இருக்கும் ஈதர்நெட் போர்ட்டும் 2.5 கிகாபிட்தானா என்று பாருங்கள். சில மாடல்களில் போர்ட் 1 கிகாபிட்தான். அதற்கு மேல் வராது. தாமதம் சில மில்லிசெகண்டுகள், மீட்டிங்கில் தெரியவே தெரியாது.

கீழே ஒன்று, மேலே ஒன்று என இரண்டு அடாப்டர் வேண்டும். கடைக்குப் போகுமுன் ரவுட்டரின் பின்பக்கத்தைப் பாருங்கள். உங்கள் பகுதியில் ஃபைபர் நிறுவனங்கள் தரும் ரவுட்டர்கள் பலவற்றில் மோகா உள்ளேயே இருக்கும். திருகும் கேபிள் முனை ஒன்று தெரியும். அப்படியானால் ஒரு அடாப்டர் போதும்.

இனி பேஸ்மென்ட்டுக்கு வாருங்கள். மோகா சரியாக ஓடவில்லை என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேருக்குக் குற்றவாளி ஸ்ப்ளிட்டர்தான் என்பது என் கணிப்பு. எல்லா அறைக் கேபிள்களும் வந்து சேரும் அந்தச் சின்ன உலோகப் பெட்டியில் பெரும்பாலும் 5–1000 மெகாஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருக்கும். அதாவது, மோகா ஓடும் இடத்துக்கு அது உத்தரவாதமே தரவில்லை. தவிர, இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரே சுமார் 3.5 டெசிபல் விழுங்கும். எட்டாகப் பிரிப்பது 11க்கு மேல். பக்கத்தில் மின்சாரம் செருகிய ஆம்ப்ளிஃபயர் இருந்தால் இன்னும் மோசம், பழைய மாடல்கள் மோகாவை அடியோடு தடுத்துவிடும். கழற்றிவிடுங்கள்.

நீங்கள் கேபிள் டிவி பார்ப்பதில்லை என்பதால் உங்களுக்கு ஸ்ப்ளிட்டரே தேவையில்லை. மாடி அறைக்குப் போகும் கேபிள் எது என்று கண்டுபிடித்து (கேபிள் டெஸ்டர் மலிவாகக் கிடைக்கும்), அதை நேராக ரவுட்டர் பக்கக் கேபிளோடு ஒரு எஃப்-81 இணைப்பானால் சேர்த்துவிடுங்கள். விரல் அளவுகூட இல்லாத துண்டு அது. இதைவிடச் சுத்தமான இணைப்பு கிடையாது. பிற்பாடு மூன்றாவது அறைக்கும் வேண்டுமென்றால் 1675 வரை தாங்கும் மோகா ஸ்ப்ளிட்டர் வாங்கி, சும்மா இருக்கும் துளைகளுக்கு 75 ஓம் மூடி போடுங்கள். முனைகளில் கையால் முறுக்கிய பழைய கனெக்டர் இருந்தால், அதையும் மாற்றிவிடுங்கள்.

வெளியிலிருந்து கேபிள் நிறுவனத்தின் வயர் இன்னும் இணைந்திருக்கிறதா? கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் உங்கள் மோகா சிக்னல் பக்கத்து வீடுவரை எட்டிப் பார்க்கும். கேபிள் நிறுவனத்திடமே இணையம் வாங்குகிறவர்களுக்கு அது முடியாது. அவர்கள் வயர் வீட்டுக்குள் நுழையும் இடத்தில், சிக்னல் வெளியே போகாமல் தடுக்கும் மோகா ஃபில்டர் போட வேண்டும். கேபிள் இணையத்துக்கான டாக்சிஸ் 3.1 மோடம் 1218 மெகாஹெர்ட்ஸ் வரை ஏறலாம் என்பதால் அதன் வாயிலும் ஒன்று போடுவது நல்லது.

கோவை விஷயம் வேறு. டிடிஎச் டிஷ்ஷிலிருந்து வரும் கேபிளில் சிக்னல் 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரை போகிறது. மோகாவும் அங்கேதான், இரண்டும் ஒன்றாக ஓடாது. டிஷ் இல்லை என்றாலும் என் பதில் மாறாது. அமெரிக்க மர வீட்டில் கேபிளைச் சட்டத்தில் ஆணி அடித்துப் பிடித்திருப்பார்கள். இழுத்தால் வராது, அதனால்தான் மோகா. நம்மூர் சுவருக்குள் பெரும்பாலும் பிவிசி பைப் இருக்கும். பழைய கேபிளின் முனையில் கேட்-6 நெட்வொர்க் வயரைக் கட்டி மறுபக்கம் இழுத்தால் புது வயர் வந்துவிடும். கரண்ட் வயர் போகும் பைப்பாக இல்லாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அப்பாவுக்கு அடாப்டர் வாங்கி அனுப்ப வேண்டாம். ஒரு நல்ல எலக்ட்ரீஷியனும் ஒரு சுருள் கேட்-6 வயரும் போதும்.