புள்ளி அதேதான், முடிவு வேறு: போட்டி இனங்களின் சமநிலைக் கணக்கு

ஒரே புல்வெளியில் மானும் ஆடும் மேய்கின்றன. எண்ணிக்கையை நூறுகளில் ம, ஆ என்று வைத்துக்கொள்வோம். வளர்ச்சி வேகம்:

மான்: ம × (10 − 2ம − ஆ)
ஆடு: ஆ × (11 − ம − 2ஆ)

செய்ய வேண்டியவை

• சமநிலைப் புள்ளிகள் நான்கையும் எழுதுங்கள்: (0, 0), (5, 0), (0, 5.5), (3, 4). 'இனம் அழிந்த கதைதானே' என்று முதல் மூன்றையும் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. பாதி விடை அங்கேதான் கிடக்கிறது. மான் மட்டும் 5 ஆக நிற்கும் வெளியில் நாலைந்து ஆடுகளை விட்டால், ஆட்டின் அடைப்புக்குள் 11 − 5 = 6; ஆடு பெருகும். ஆடு மட்டும் நிற்கும் வெளியில் மானுக்கு 10 − 5.5 = 4.5, மானும் நுழைந்துவிடும். ஒன்றையொன்று துரத்த முடியாது.

• அதன் பிறகே ஜாகோபியன் அணி. (3, 4)-இல் முதல் நிரை −6, −3. இரண்டாம் நிரை −4, −8. மூலைவிட்டக் கூடுதல் −14, அணிக்கோவை 48 − 12 = 36. முன்னது குறை எண், பின்னது மிகை எண். ஆகவே நிலையான சமநிலை.

செய்யக்கூடாதவை

• (3, 4) கிடைத்ததும் பேனாவை மூடிவிடாதீர்கள். இரண்டு அடைப்புகளையும் இடம் மாற்றி, மானுக்கு (11 − ம − 2ஆ), ஆட்டுக்கு (10 − 2ம − ஆ) என்று கொடுத்துப் பாருங்கள். அடைப்புகள் சுழியாகும் கோடுகள் அவையே, அவை வெட்டும் புள்ளியும் அதுவே. அணி மட்டும் மாறுகிறது: முதல் நிரை −3, −6; இரண்டாம் நிரை −8, −4. அணிக்கோவை −36, அதாவது சேணப் புள்ளி. இப்போது ஒவ்வோர் இனமும் தன்னை நெருக்குவதைவிட மற்றதை அதிகம் நெருக்குகிறது. ஒன்று மிஞ்சும், மற்றது அழியும். எது என்பதைத் தொடக்க எண்ணிக்கை தீர்மானிக்கும். எந்தக் கோடு யாருடையது என்று படத்தில் பெயர் எழுதாதவர்கள் வழுக்கி விழும் இடம் இது.

• மூலைவிட்டக் கூடுதலை மட்டும் நம்பாதீர்கள். இந்தச் சேணப் புள்ளியிலும் அது குறை எண்தான்: −7!

• இரையும் வேட்டையாடியும் போடும் சுழற்சியை இங்கே தேடாதீர்கள். இரண்டே போட்டி இனங்கள் உள்ள இந்த மாதிரியில் அது வராது. மூன்று இனங்கள் என்றால் கதை வேறு. அங்கே சுழற்சி வரலாம் என்று மே, லியோனார்ட் என்ற ஆய்வாளர்கள் 1975-இல் காட்டினார்கள்.

• 'பலமானது பலவீனமானதை ஒழிக்கும்' என்று மனப்பாடமாக எழுதாதீர்கள். ரஷ்ய உயிரியலாளர் கவுசே (கணிதமேதை காஸ் அல்ல) வளர்த்த பரமீசியம் என்ற ஒருசெல் உயிரிகளில் ஆரீலியா என்ற இனம் காடேட்டம் என்ற இனத்தை ஒழித்தது உண்மை. அதே காடேட்டம் பர்சேரியா என்ற இன்னோர் இனத்தோடு சேர்ந்து வாழ்ந்தது. ஒன்று மேலே மிதக்கும் பாக்டீரியாவையும் மற்றது அடியில் படியும் ஈஸ்ட்டையும் தின்றன. அடைப்புக்குள் எதிரியின் கெழு சிறுத்துப்போவது இப்படித்தான்.