கிடார் ஆம்ப்ளிபயரில் சத்தம் வரவில்லையா?

கம்ப்யூட்டருடன் வந்த சிறிய ஸ்பீக்கர் போதாமல், வீட்டிலிருக்கும் கிடார் ஆம்ப்ளிபயரையே அதற்கு ஸ்பீக்கராக இணைத்துக் கொள்பவர்கள் உண்டு. ஒரு நாள் சத்தம் நின்றுவிட்டால் "ஐ.சி. போய்விட்டது" என்று முடிவு கட்டிவிடுகிறோம். ராமநாதபுரம், ராமேஸ்வரம் போன்ற கடலோர ஊர்களில் நான் முதலில் சந்தேகப்படுவது உப்புக் காற்றைத்தான். 2025-ல் திறக்கப்பட்ட புதிய பாம்பன் ரயில் பாலத்தை அரிப்பிலிருந்து காக்கத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் விசேஷ பெயிண்டும் தேவைப்பட்டன. அப்படியிருக்க, சாக்கெட்டுக்குள் இருக்கும் மெல்லிய தகடு எம்மாத்திரம்?

வால்வுக்குப் பதில் டிரான்சிஸ்டர், ஐ.சி. கொண்டு இயங்குவதே சாலிட் ஸ்டேட் ஆம்ப்ளிபயர். சிறிய மாடல்களில் பயன்படும் டி.டி.ஏ. 2030 போன்ற ஐ.சி.க்களில், அதிகம் சூடானாலோ ஷார்ட் ஆனாலோ காத்துக்கொள்ளும் வசதி உள்ளேயே உண்டு. எனவே அவை எளிதில் போய்விடுவதில்லை. பெட்டியைத் திறக்காமலேயே பின்வரும் சோதனைகளைச் செய்யலாம்.

1. வால்யூமைக் குறைத்துவிட்டு, கம்ப்யூட்டரிலிருந்து வயரைக் கழற்றி, ஹெட்போன் சாக்கெட் உள்ள மொபைல் போனில் செருகிப் பாட்டு போடுங்கள். பாட்டு கேட்டால் ஆம்ப்ளிபயர் நன்றாக இருக்கிறது. விண்டோஸில் வலது கீழ் மூலையிலுள்ள ஸ்பீக்கர் ஐகானைக் கிளிக் செய்து, மியூட் ஆகியிருக்கிறதா, சரியான அவுட்புட் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

2. போனிலும் கேட்கவில்லையா? வேறு வயரை மாற்றிப் பாருங்கள்.

3. ஆம்ப்ளிபயரின் ஹெட்போன் சாக்கெட்டில் ஹெட்போனைச் செருகுங்கள். அதில் கேட்டு, ஸ்பீக்கரில் மட்டும் கேட்கவில்லை என்றால் விஷயம் பெரும்பாலும் எளிது. ஹெட்போனைச் செருகியதும் ஸ்பீக்கரைத் துண்டிக்கும் ஒரு தகடு பல மாடல்களில் உண்டு. அதில் களிம்பு ஏறினால், ஹெட்போனை எடுத்த பிறகும் ஸ்பீக்கருக்கு இணைப்பு கிடைக்காது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கான்டாக்ட் கிளீனர் சிறிது அடித்து, பின்னைப் பத்து முறை செருகி எடுங்கள்.

4. குமிழைத் திருப்பும்போது கரகரத்தால் வால்யூம் கண்ட்ரோலுக்கும் இதே வைத்தியம்தான். குமிழைத் தொடாதபோதும் சத்தம் கரகரவென்று உடைந்து வந்தால், கம்ப்யூட்டர் வயரைக் கிடார் இன்புட்டில் செருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள். கிடாரிலிருந்து வரும் சிக்னல் மிகச் சிறியது. கம்ப்யூட்டர் சிக்னல் அதைவிடப் பெரியது. "ஆக்ஸ்" சாக்கெட் இருந்தால் அதில் செருகுங்கள்.

5. வயர் எதையும் செருகாதபோதும், வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தாலும் "ம்ம்" என்ற இரைச்சல் விடாமல் வந்தால், பவர் சப்ளையின் பெரிய கெப்பாசிட்டர் பழுதாகியிருக்கலாம். இது மெக்கானிக்கின் வேலை. பிளக்கைக் கழற்றிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்; நீங்கள் திறக்க வேண்டாம்.

பியூஸ் போனால் அதே ஆம்பியர் அளவுள்ளதையே போடுங்கள். மீண்டும் போனால் உள்ளே ஷார்ட் இருக்கிறது என்று பொருள். பெரிய பியூஸ் போட்டு ஓட்டினால் டிரான்ஸ்பார்மரே எரிந்துவிடலாம்.

மெக்கானிக்கிடம் கொண்டு போகும்போது "ஹெட்போனில் கேட்கிறது, ஸ்பீக்கரில் கேட்கவில்லை" என்று சொல்லுங்கள். தேவையில்லாமல் ஐ.சி. மாற்றும் செலவு மிச்சமாகும்.