வளரும் பிள்ளையின் முதுகைக் கவனிப்போம்

பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் தாய், அதன் உடலில் தோன்றும் சிறு தடிப்பையும் கண்டுவிடுகிறாள். பிள்ளை தானே குளிக்கத் தொடங்கியபின் அதன் முதுகு எவர் கண்ணிலும் படுவதில்லை. முதுகெலும்பு பக்கவாட்டில் வளையும் ஸ்கோலியோசிஸ் பெரும்பாலும் அப்பருவத்தில்தான், 10 வயதிற்குமேல், வெளிப்படுகிறது. தொடக்கத்தில் பலருக்கு வலி இராது. ஆதலால் பிள்ளையும் சொல்வதில்லை.

உண்மையான வளைவு எது?

கால்களின் நீளம் வேறுபட்டால் முதுகு சாய்ந்து தோன்றலாம். அமர்ந்தால் அச்சாய்வு மறையும். கட்டமைப்பு வளைவிலோ எலும்புகள் வளைவதோடு திருகவும் செய்கின்றன. எனவே அது எந்நிலையிலும் மறையாது. எக்ஸ்ரே படத்தில் 10 பாகையோ அதற்கு மேலோ இருந்தால் அதனை ஸ்கோலியோசிஸ் என்கிறோம். வளரிளம் பருவத்தினருள் 100 பேரில் 2 அல்லது 3 பேருக்கு இது உண்டு. பெரும்பாலோர்க்குக் காரணம் அறியப்படவில்லை. புத்தகப்பையும் சாய்ந்து அமர்வதும் இதனை உண்டாக்குவதில்லை. "நிமிர்ந்து நில்" என்று பிள்ளையைக் கடிவதால் பயனில்லை.

வீட்டில் காணும் முறை

1. பிள்ளையை நேராக நிற்கச் செய்து, பின்னிருந்து பாருங்கள். தோள்கள், தோள்பட்டை எலும்புகள், இடுப்பு ஆகியவை இருபுறமும் ஒத்துள்ளனவா?
2. பாதங்களைச் சேர்த்து, முழங்காலை மடக்காமல், கைகளைத் தொங்கவிட்டுக் குனியச் சொல்லுங்கள். முதுகின் ஒருபுறம் மேடாகத் தெரிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

10 முதல் 16 வயதுவரை ஆறு மாதத்திற்கு ஒருமுறை இவ்வாறு பார்ப்பது நன்று. பெண் பிள்ளைகளுக்கு வளைவு மிகுவதற்கான வாய்ப்பு அதிகம்.

சிகிச்சை

வளைவு 25 பாகைக்குக் குறைவாயின், சில மாதங்களுக்கு ஒருமுறை கண்காணித்தலே பெரும்பாலும் போதும். வளர்ச்சி எஞ்சியிருக்கையில் 25 முதல் 40 பாகைவரை இருப்பின் பிரேஸ் அணிவிக்கப்படும். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், பிரேஸ் அணிந்தோருள் 72 விழுக்காட்டினர்க்கு வளர்ச்சி முடியும்வரை வளைவு 50 பாகையை எட்டவில்லை. அணியாதோருள் அவ்வாறு தப்பியோர் 48 விழுக்காட்டினரே. நாள்தோறும் ஏறத்தாழ 13 மணி நேரத்திற்குமேல் அணிந்தோர் இன்னும் மிகுந்த பயன் பெற்றனர். நம் திருமயத்து வெயிலில் அதனை அணிவது எளிதன்று. உள்ளே மெல்லிய பருத்தி பனியன் அணிவித்து, வியர்த்தவுடன் மாற்றுங்கள். அணியும் நேரத்தை மட்டும் குறைக்காதீர்கள்.

வளைவு 45, 50 பாகையைக் கடந்தால் அறுவைசிகிச்சை ஆராயப்படும். உடற்பயிற்சி தசைக்கு வலுவூட்டும். ஆனால் பிரேசுக்கு மாற்றாகாது. எலும்பை அமுக்கி நேராக்குவோம் என்போரிடம் பிள்ளையை ஒப்படைக்காதீர்கள்.

கால் மரத்தல், நடை தளர்தல், சிறுநீரை அடக்க இயலாமை, இரவில் கடும் வலி ஆகியவை தோன்றினால் காலம் தாழ்த்தாது வாருங்கள்.

எங்கே காட்டுவது?

பள்ளிக்கு வரும் சிறார் நலத்திட்ட மருத்துவக் குழுவிடம் கூறலாம். அரசு மருத்துவமனையில் காட்டினால், தேவைக்கேற்பப் புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவர்.

பெண் பிள்ளையின் திருமணத்தை எண்ணி இதனை மறைக்கும் குடும்பங்கள் உண்டு. இவ்வளைவுடைய பெரும்பாலோர் படிக்கின்றனர், விளையாடுகின்றனர், மணம் புரிந்து மகப்பேறும் அடைகின்றனர். மறைப்பதால் வளைவு நிற்பதில்லை. பிரேஸ் பயன்தரும் வளர்ச்சிக் காலம் மட்டுமே கழிந்துபோகிறது.