விலக்கப்பட்ட பொருளும் விலக்க முடியாத நோயும்

நோயுற்றால் மருந்து தேட வேண்டும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரை. நோயை இறக்கிய இறைவன் அதற்கு நிவாரணத்தையும் இறக்கியிருக்கிறான் என்று அவர்கள் கூறியதாக ஹதீஸ் நூல்கள் தெரிவிக்கின்றன. விலக்கப்பட்ட பொருளில் நிவாரணம் வைக்கப்படவில்லை என்ற கருத்தும் அந்நூல்களிலேயே உண்டு. அப்படியாயின், மருந்தே விலக்கப்பட்ட பொருளிலிருந்துதான் கிடைக்கும் என்னும் நிலையில் நோயாளி என்ன செய்வது? உயிர்-இரசாயனம் பயிலும் மாணவன் என்ற முறையில் இக்கேள்வியை ஆராய முற்படுகிறேன்.

இது வெறும் ஏட்டுக் கேள்வியன்று. என் பெரியத்தா, கேப்ஸ்யூலின் கூடு பன்றியிலிருந்து வருவது என்று யாரோ சொல்லக் கேட்டு, பத்து நாள் மருந்தை நிறுத்திவிட்டார். அம்மருந்து மாத்திரையாகவும் கிடைக்கும் என்பது பின்னரே தெரிந்தது. அதற்குள் காய்ச்சல் முற்றிவிட்டது.

நிர்ப்பந்தம் என்னும் விதி

திருக்குர்ஆனின் 2ஆம் அத்தியாயம், 173ஆம் வசனம் செத்த பிராணி, இரத்தம், பன்றி இறைச்சி முதலியவற்றை விலக்குகிறது. அதே வசனம், விருப்பமோ வரம்பு மீறலோ இன்றி நிர்ப்பந்தத்திற்கு ஆளானவர்மீது குற்றமில்லை என்றும் தெளிவுபடுத்துகிறது. உதுமானியப் பேரரசில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட 'மஜல்லா' என்னும் சட்டத் தொகுப்பு இதனை இரு விதிகளாக வகுத்தது. நிர்ப்பந்தம் விலக்கப்பட்டதை ஆகுமாக்கும் என்பது 21ஆம் விதி. நிர்ப்பந்தம் எவ்வளவோ, அனுமதியும் அவ்வளவே என்பது 22ஆம் விதி.

இதற்கு நபிகள் காலத்திலேயே முன்மாதிரிகள் உண்டு. ஆண்களுக்குப் பட்டாடையும் பொன் அணிதலும் விலக்கு. ஆயினும் தோல் அரிப்பால் வருந்திய தோழர் இருவர்க்குப் பட்டு அனுமதிக்கப்பட்டது. போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா என்பவர் வெள்ளி மூக்கு வைத்துக்கொண்டார். அதில் துர்நாற்றம் உண்டாகவே, பொன்னால் மூக்கு அமைத்துக்கொள்ளும்படி நபிகள் கூறினார்கள்.

மறுப்பும் விடையும்

எனினும் அறிஞர் எல்லாரும் ஒரே கருத்தினர் அல்லர். 1328இல் மறைந்த இப்னு தைமிய்யா கூர்மையான ஒரு மறுப்பை எழுப்பினார். பசியால் சாகக் கிடப்பவனுக்கு உணவு நிச்சயமாகப் பயன் தரும். மருந்தோ பயன் தரலாம், தராமலும் போகலாம். மருந்தின்றியே குணமடைந்தவரும் உண்டு. ஆகவே பசியையும் நோயையும் ஒரே தட்டில் வைத்தல் தகாது என்பது அவர் வாதம். ஷாஃபி மத்ஹபின் இமாம் நவவி அவர்களோ, தூய்மையான மாற்று மருந்து கிடைக்காதபோது, மது நீங்கலான அசுத்தப் பொருளால் சிகிச்சை செய்வது ஆகும் என்றார்.

இங்கேதான் விஞ்ஞானம் நுழைகிறது. 1921இல் டொரான்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் இருவரும் கணையச் சாற்றைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரியில் சிறுவன் லியனார்டு தாம்சனுக்கு அது செலுத்தப்பட்டது. அதுவரை அவ்வகை நீரிழிவு கண்ட குழந்தைகள் பிழைப்பது அரிது. இன்சுலின் வந்தபின் அவர்கள் வளர்ந்து பெரியவர்களாயினர். பசித்தவனுக்குச் சோறு எவ்வளவு உறுதியோ, அக்குழந்தைக்கு இன்சுலினும் அவ்வளவு உறுதி. எனவே இப்னு தைமிய்யாவின் அளவுகோலைக் கொண்டே அளந்தாலும் இம்மருந்து நிர்ப்பந்தத்தின்பாற்படும் என்பது என் துணிபு.

இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள் உள்ளன. மாட்டு இன்சுலின் மனித இன்சுலினிலிருந்து மூன்று இடங்களில் வேறுபடும். பன்றி இன்சுலின் ஒரே ஓரிடத்தில் வேறுபடும். மருத்துவருக்கு மிக நெருங்கியது மார்க்கத்திற்கு மிகத் தொலைவாயிற்று! 1982இல் நுண்ணுயிர்களைக் கொண்டு உண்டாக்கிய மனித இன்சுலினுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது எளிதாகக் கிடைக்கும் இடத்தில் பன்றி இன்சுலினுக்கு உரிய அனுமதியும் நீங்குகிறது. 22ஆம் விதியின் பொருள் இதுவே.

உருமாற்றம் என்னும் விதி

மற்றொரு வழியும் சட்ட நூல்களில் உண்டு. ஒரு பொருள் முற்றிலும் வேறு பொருளாக மாறினால், அதன் சட்டமும் மாறும். இதற்கு 'இஸ்திஹாலா' என்று பெயர். மது தானே காடியாக மாறினால் அது தூயது என்பதில் கருத்து வேற்றுமை இல்லை. வேறு பொருளைச் சேர்த்துக் காடியாக்கினால் ஹனஃபிகள் ஏற்பர், ஷாஃபிகள் ஏற்கமாட்டார்கள். நம் கடற்கரைப் பட்டினங்களில் ஷாஃபிகள் மிகுதி. வடநாட்டில் ஹனஃபிகள் மிகுதி. ஆகவே ஒரே மருந்தைப் பற்றி ஊரில் ஒரு விடையும் இங்கே வேறு விடையும் கேட்க நேரலாம்.

கேப்ஸ்யூல் கூட்டின் ஜெலட்டின் இத்தகைய வழக்குக்கு உரியது. 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமியச் சட்டப் பேரவை, பன்றி ஜெலட்டினை உணவில் சேர்த்தல் ஆகாது என்றது. 1995இல் குவைத்தில் மருத்துவரும் சட்ட அறிஞரும் கூடிய கருத்தரங்கோ, அது உருமாறிய பொருளாதலின் தூயது என்றது. இரசாயன மாணவன் சொல்லக்கூடியது இது: மது காடியாகும்போது ஆல்கஹால் மூலக்கூறு அசெட்டிக் அமிலமாகவே மாறிவிடுகிறது. ஜெலட்டினிலோ, கொலாஜனின் முறுக்கு அவிழ்ந்து இழைகள் துண்டாகின்றன. அமினோ அமிலத் தொடர் பெரிதும் எஞ்சுகிறது. இவ்வளவு மாற்றம் போதுமா என்று தீர்ப்பளிப்பது ஆலிம்களின் பொறுப்பு. மாற்றத்தின் அளவை மறைக்காமல் எடுத்துரைப்பது நம் பொறுப்பு.

2018 ஆகஸ்டில் இந்தோனேசிய உலமாப் பேரவை இதனை நன்கு செய்து காட்டியது. புனேயில் தயாரான தட்டம்மை-ருபெல்லா தடுப்பூசியின் தயாரிப்பில் பன்றிப் பொருள் பயன்பட்டதால் அது ஹராம் என்று ஒளிவின்றிக் கூறியது. உடனேயே, ஹலாலான மாற்று இல்லாமையாலும் நோயின் ஆபத்தாலும் அதனைப் பயன்படுத்தலாம் என்றும் தீர்ப்பளித்தது.

ஆதலின், ஐயம் எழுந்தால் மருந்தை நிறுத்துமுன் மூன்று வினாக்களைக் கேட்க வேண்டும். இம்மருந்து எதிலிருந்து வருகிறது? இதன் பயன் எவ்வளவு உறுதியானது? இதற்கு மாற்று உண்டா? இவற்றுக்கு மருத்துவரும் மருந்தாளரும் விடை கூறுவர். அவ்விடைகளுடன் ஆலிமிடம் சென்றால் தீர்ப்பு எளிதாகும். விடுமுறையில் ஊருக்குச் செல்லும் சங்க அன்பர்கள், வீட்டுப் பெரியவர்களிடம் இவ்வளவையாவது சொல்லி வாருங்கள்.