இரைப்பைச் சதைமொட்டும் அதனை வாய்வழியே அகற்றும் முறையும்

இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம் வட்டத்தின் தேயிலைத் தோட்டங்களில் பணிபுரியும் தமிழ்த் தொழிலாளரிடையே, சிறப்பாகப் பெண்களிடையே, இரத்தச்சோகை அடிக்கடி காணப்படுகின்றது. இரும்புச் சத்துக் குறைந்த உணவு, கொக்கிப்புழு, மிகுதியான மாதவிடாய் ஆகியவை இதன் வழக்கமான காரணங்களாகும். புழு மருந்தும் இரும்புச் சத்து மாத்திரையும் முறையாக உட்கொண்ட பின்னரும் சோகை நீங்காவிடில், உணவுப்பாதையில் எங்கேனும் இரத்தம் கசிகின்றதா என்று ஆராய்தல் வேண்டும். அரிதாகக் காணப்படும் அத்தகைய காரணங்களுள் ஒன்று இரைப்பைச் சதைமொட்டு.

சதைமொட்டின் இயல்பு

இரைப்பையின் உட்சவ்விலிருந்து காம்புடனோ காம்பின்றியோ புடைத்தெழும் வளர்ச்சியை மருத்துவர் ‘பாலிப்’ என்பர். பெரும்பாலானவை நோவு தருவதில்லை. எனினும் சில புண்ணாகிச் சிறுகச் சிறுக இரத்தம் கசியும். ‘அடினோமா’ என்னும் வகை நாளடைவில் புற்றுநோயாக மாறக்கூடும். வேறு சில, ஹெலிக்கோபாக்டர் பைலோரை என்னும் கிருமியால் நேரும் நாட்பட்ட அழற்சியை அடுத்துத் தோன்றுவன. கிருமியை ஒழித்தபின் அவை சுருங்குவதும் உண்டு.

கருவியின் வரலாறு

முற்காலத்தில் இதனை அகற்ற வயிற்றைக் கீறுவதே வழியாக இருந்தது. பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, இலண்டனில் ஹாப்கின்ஸ் என்பாருடன் ஆய்ந்து, வளையும் கண்ணாடி இழைக் கற்றையின் வழியே உருவத்தைக் கடத்தலாமென 1954-இல் காட்டினார். இதனைப் பின்பற்றி அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஹிர்ஷோவிட்ஸ் 1957-இல் வளையும் இரைப்பை நோக்கியை உருவாக்கினார். இழையினுள் ஒளி முழு உட்பிரதிபலிப்பினால் வளைந்து செல்கின்றது. பக்கத்தில் துளையிட்ட கண்ணாடிக் குப்பியில் நீர் நிரப்பி, துளைக்கு எதிர்ப்புறத்தில் கைவிளக்கை ஏற்றினால், வளைந்து விழும் நீர்த்தாரையைத் தொடர்ந்து ஒளி செல்வதை ஆசிரியர்கள் இருண்ட அறையில் காட்டலாம். இன்றைய கருவிகளில் குழாயின் நுனியிலேயே நுண்ணிய படக்கருவி அமைந்துள்ளது.

அகற்றும் முறை

நோயாளி வெறும் வயிற்றுடன் இடப்பக்கம் சாய்ந்து படுப்பார். தொண்டை மரப்பதற்கு மருந்து தெளித்தபின் குழாய் உட்செலுத்தப்படும். தேவையாயின் மொட்டின் அடியில் உப்புநீரை ஊசிவழிச் செலுத்தி அதனை உயர்த்துவர். பின்னர் கம்பிச் சுருக்கை அதன் அடியில் மாட்டி இறுக்கி, மின்சார வெப்பத்தால் அறுப்பர். அறுத்த மொட்டு கட்டாயம் நுண்ணோக்கிச் சோதனைக்கு அனுப்பப்படல் வேண்டும். கண்ணால் மட்டும் நோக்கி அதன் வகையை உறுதிசெய்ய இயலாது.

களப்பணியாளர் கவனிக்க வேண்டியவை

இரும்பு மாத்திரையாலும் மலம் கறுக்கும். ஆனால் தார்போல் ஒட்டும் தன்மையும் கடும் நாற்றமும் இரத்தக் கசிவின் அறிகுறிகள். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர் அதனை மருத்துவரிடம் முன்னரே கூறுதல் வேண்டும், தாமாக நிறுத்தலாகாது. சிகிச்சைக்குப்பின் இரத்த வாந்தியோ, கறுத்த மலமோ, கடும் வயிற்றுவலியோ தோன்றின் உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல் அவசியம்.

நாட்கூலியை இழந்து கோட்டயத்திற்கோ மதுரைக்கோ மலையிறங்கிச் செல்லத் தொழிலாளி தயங்குவது இயல்பே. ஆயினும் நீங்காத சோகைக்கு மேலும் மேலும் மாத்திரை வழங்கிக் காலங்கடத்துதல் தகாது. காரணத்தைக் கண்டறியப் பெரிய மருத்துவமனைக்கு உரிய காலத்தில் அனுப்புதலே களப்பணியாளரின் கடமையாகும்.