அல்கோரிதம்: விடைக்கு முன்னுள்ள படிகள்

84, 30 ஆகியவற்றின் பொதுக் காரணிகளுட் பெரியது எது? யூக்ளிட்டின் அல்கோரிதத்தை உடனே எழுதிக் காட்டினால் மாணவி பாடமாக்குவாள். பரீட்சை முடிய மறந்துவிடுவாள். முதலில் தனக்குத் தெரிந்தபடி செய்யட்டும். 30, 29, 28 என இறங்கி ஒவ்வொன்றாலும் இரண்டையும் வகுத்துப் பார்த்தால், 25ஆவது முயற்சியில் 6 அகப்படும். விடை சரி, கைதான் வலிக்கும். அந்த அலுப்பு தேவையானது. பெற்றோரே, அதற்குள் உதவிக்கு ஓடிவராதீர்கள்!

இனிக் கேளுங்கள்: இரண்டையும் மீதியின்றி வகுக்கும் எண், அவற்றின் வித்தியாசத்தையும் வகுக்குமா? வகுக்கும். எனவே 84இலிருந்து 30ஐக் கழிக்க 54, மீண்டும் கழிக்க 24. திரும்பத் திரும்பக் கழிப்பது வகுத்தல்தானே என்பதை அவளே கண்டுகொள்வாள். 84ஐ 30ஆல் வகுக்க மீதி 24. 30ஐ 24ஆல் வகுக்க மீதி 6. 24ஐ 6ஆல் வகுக்க மீதி இல்லை. விடை 6.

அடுத்து 1071, 462 கொடுங்கள். பழைய முறையில் 442 முயற்சிகள். புதியதில் மூன்றே வகுத்தல்கள்.