முதியோர் இல்லம்: சேர்க்கும் முன் கேட்டு அறிய வேண்டியவை



"நாம் இருவர், நமக்கு இருவர்" என்று சுவரெல்லாம் எழுதி வைத்த காலம் ஒன்று உண்டு. அந்தப் பேச்சைக் கேட்டு இரண்டு பிள்ளைகளோடு நிறுத்திக்கொண்ட தம்பதிகளுக்கு இன்று அறுபது, எழுபது வயது. பெண்ணைக் கட்டிக்கொடுத்தாயிற்று. பையன் போர்வெல் ரிக் வண்டியோடு வடக்கே போனால் திரும்பி வர மாதக்கணக்கு ஆகும். லாரி ஓட்டுகிற பையனும் அப்படித்தான். எருமப்பட்டி வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு இந்தக் கதை உண்டு. 2011 மக்கள் தொகைக் கணக்கிலேயே தமிழ்நாட்டில் பத்தில் ஒருவருக்கு மேல் அறுபது வயது கடந்தவர்கள்.

அப்படியானால் முதுமையில் பார்த்துக்கொள்வது யார் பொறுப்பு? முதல் பொறுப்பு பிள்ளைகளுடையது. ஆனால் அதோடு முடியவில்லை. முதுமைக் காலத்தில் அரசு தன் சக்திக்கு ஏற்ப உதவ வேண்டும் என்று நம் அரசியல் சட்டத்தின் 41-ஆவது பிரிவு சொல்கிறது. ஆகவே முதியோர் இல்லம் என்பது யாரோ ஒரு புண்ணியவான் நடத்தும் தர்ம காரியம் மட்டும் அல்ல. அதைக் கேள்வி கேட்கவும் கணக்குக் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. இந்தப் பாடத்தின் சாரம் இதுதான்.

ஒரு வீட்டுப் பேச்சு

ஒரு வீட்டை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். ஆத்தாவுக்கு எழுபத்தைந்து வயது. சர்க்கரை உண்டு. இடுப்பு பிடிப்பில்லை. மகன் ரிக்குக்குப் புறப்பட வேண்டும்.

"ஆத்தா, டவுன் பக்கம் ஒரு ஹோம் இருக்குதாம். சாப்பாடு, மருந்து எல்லாம் அவங்களே பாத்துக்குவாங்களாம்."

"என்னைக் கொண்டுபோய்த் தள்ளிப்போட்டுப் போயரலாம்னு பாக்கறயா சாமி?"

மகன் கெட்டவன் அல்ல. ஆத்தா பயப்படுவதும் தப்பல்ல. இல்லத்தில் சேர்ப்பது பாவமும் இல்லை. ஆனால் ஆத்தாவிடம் கேட்காமல், இடத்தைப் போய்ப் பார்க்காமல், காகிதத்தைச் சரிபார்க்காமல் சேர்ப்பதுதான் ஆபத்து.

இல்லங்கள் மூன்று வகை

1. அரசு மானியம் பெறும் இலவச இல்லங்கள். பெரும்பாலும் தொண்டு நிறுவனங்கள் நடத்துகின்றன. அரசு பணம் தருகிறது. மத்திய அரசின் முதியோர் திட்டம் 1992-ல் தொடங்கியது. ஆதரவற்ற 25 முதியவர்களுக்கு ஓர் இல்லம் என்பது அதன் கணக்கு. முதியோரையும் ஆதரவற்ற குழந்தைகளையும் ஒரே இடத்தில் வைத்துக் காக்கும் ஒருங்கிணைந்த வளாகங்களும் தமிழ்நாட்டில் உண்டு.

2. நன்கொடையில் நடப்பவை. இவற்றில் நல்லவையும் உண்டு, அல்லாதவையும் உண்டு.

3. மாதாமாதம் பணம் கட்டிச் சேருபவை. கோயமுத்தூர்ப் பக்கம் வீடு போலவே விலைக்கு விற்கும் முதியோர் குடியிருப்புகளும் உள்ளன. இவற்றுக்கு அரசுப் பணம் கிடையாது. கட்டுப்பாடு மட்டும் உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-ல் வந்தது. தமிழ்நாட்டில் அதற்கான விதிகள் 2009-ல் வந்தன. அறுபது வயது நிறைந்தவர் மூத்த குடிமகன்.

அச்சட்டத்தின் 19-ஆவது பிரிவு, ஏழை முதியோருக்காக மாவட்டத்துக்கு ஒரு இல்லமாவது, 150 பேர் தங்கும் அளவில், மாநில அரசு அமைக்கலாம் என்கிறது. "அமைக்கலாம்" என்று இருக்கிறதே தவிர "அமைக்க வேண்டும்" என்று இல்லை. இந்த ஒரு சொல்லால்தான் பல இடங்களில் வேலை தள்ளிப்போகிறது. 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு மாவட்டத்திலும் எத்தனை முதியோர் இல்லங்கள் உள்ளன என்ற விவரத்தைத் திரட்டச் சொல்லி உத்தரவிட்டது. மக்கள் கேட்டால்தான் "அமைக்கலாம்" என்பது "அமைத்தாயிற்று" என்று ஆகும்.

தனியார் இல்லங்கள் எல்லாவற்றையும் நாடு முழுவதும் கட்டாயமாகப் பதிவு செய்யவும், குறைந்தபட்சத் தரம் வகுக்கவும் 2019-ல் ஒரு திருத்த மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது. நிறைவேறாமலே 2024-ல் காலாவதியாயிற்று. ஆனால் தமிழ்நாட்டில் முதியோர் இல்லங்கள் மாவட்ட நிர்வாகத்திடம் பதிவு செய்தாக வேண்டும். மனநோயாளிகளை வைத்துக் காக்கும் இல்லமானால் 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டப்படி தனிப் பதிவு அவசியம்.

பதிவு ஏன் முக்கியம்?

2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் உரிமம் இல்லாமல் நடந்த ஒரு காப்பகத்தில் அதிகாரிகள் சோதனை போட்டார்கள். உறவினர் ஒருவரைக் காணோம் என்று புகார் போன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்களை மீட்டு வேறு இடங்களுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. பதிவு இருந்தால் உள்ளே யார் இருக்கிறார், எப்போது வந்தார், எங்கே போனார் என்று அதிகாரி கேட்க முடியும். பதிவில்லாத இடத்தில் கேட்பார் இல்லை.

நேரில் போய்ப் பாருங்கள்

சொல்லிவிட்டுப் போகாதீர்கள். சாப்பாட்டு நேரத்தில் போங்கள். கவனிக்க வேண்டியவை இவை:

• பதிவுச் சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்கிறதா? தேதி நடப்பில் உள்ளதா?
• கக்கூசில் பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா? தரை வழுக்குகிறதா? முதியவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் எழுந்து நடப்பது கஷ்டம்.
• படுத்த படுக்கையாக இருப்பவர்களை வேளைக்கு ஒரு பக்கம் திருப்பிப் படுக்க வைக்கிறார்களா? முதுகில், குதிகாலில் படுக்கைப் புண் இருந்தால் கவனிப்பு இல்லை என்று பொருள்.
• யாருக்கு என்ன மாத்திரை என்று தனித்தனி ஏடு உண்டா? டாக்டர் எப்போது வருகிறார்?
• இரவில் யார் இருக்கிறார்? ராத்திரி மூச்சுத் திணறினால் எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள்?
• உள்ளே இருப்பவர்களிடம் நிர்வாகி பக்கத்தில் இல்லாமல் பேச விடுகிறார்களா? இது ஒன்றே பாதிப் பரீட்சை.

சேர்த்த பிறகு பணம் கட்டிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வாரம் ஒரு போன், மாதம் ஒரு நேர்வருகை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இல்லம் தேவைப்படாமலே போகலாம்

ஆத்தா வீட்டிலேயே இருக்க ஆசைப்பட்டால் அதற்கும் வழி உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரை வீட்டுக்கே வருகிறது. படுக்கையில் இருப்பவர்களுக்கு வலி தணிக்கும் கவனிப்பும், பிசியோதெரபியும் உண்டு. உங்கள் ஊர்ச் சுகாதாரச் செவிலியரிடம் பெயரைச் சொல்லுங்கள். முதியோர் உதவித்தொகைக்குத் தகுதி உள்ளவர்கள் தாலுகா ஆபீஸில் மனுச் செய்யலாம். 2023 ஆகஸ்டில் அத்தொகை மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது.

கேள்வி, பதில்

கேள்வி: பிள்ளைகள் வசதியாக இருந்தும் கவனிக்கவில்லை. என்ன செய்வது?
பதில்: நாமக்கல் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுங்கள். அவர் தலைமையில் பராமரிப்புத் தீர்ப்பாயம் உண்டு. வக்கீல் வைக்க வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கு நோட்டீஸ் சேர்ந்த 90 நாளில் முடிவு சொல்ல வேண்டும். தவிர்க்க முடியாவிட்டால் ஒரு தடவை மட்டும் 30 நாள் நீட்டிக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை தரச் சொல்லி உத்தரவிடலாம். பிள்ளை இல்லாதவர், தம் சொத்துக்கு வாரிசாகும் உறவினரிடம் கேட்கலாம்.

கேள்வி: காட்டைப் பையன் பேருக்கு எழுதி வைத்துவிட்டேன். இப்போது சோறு போட மாட்டேன் என்கிறான்.
பதில்: சட்டத்தின் 23-ஆவது பிரிவின்படி, கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்திருந்தால் ரத்துச் செய்யக் கேட்கலாம். நிபந்தனை இருந்தது என்று காட்ட வேண்டும் என 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது; 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில் முதியோர் பக்கம் தாராளமாகப் பொருள் கொண்டது. ஆகவே இனி எழுதப்போகிறவர்கள், "என்னை ஆயுசுக்கும் வைத்துக் காப்பாற்ற வேண்டும்" என்ற வரியைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். ஒரு வரிதான், அதுதான் உங்களுக்குக் காவல்.

கேள்வி: பஸ் ஸ்டாண்டிலோ கோயில் வாசலிலோ பெரியவரை விட்டுவிட்டுப் போனால்?
பதில்: குற்றம். மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

கேள்வி: இல்லத்தில் கொடுமை நடப்பதாகத் தெரிந்தால்?
பதில்: 14567 என்ற முதியோர் உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள், காசு இல்லை. நாமக்கல்லில் மாவட்ட சமூக நல அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் குறைதீர் கூட்டத்திலும் மனுக் கொடுக்கலாம். மனுவுக்கு ரசீது வாங்க மறக்காதீர்கள்.

மாதர் சங்கத்தில் பேசிப் பாருங்கள்

1. நம் தெருவில் தனியாக இருக்கும் முதியவர் எத்தனை பேர்? அவர்களை யார் தினமும் எட்டிப் பார்க்கிறார்?
2. பக்கத்தில் உள்ள இல்லம் பதிவு பெற்றதா? யார் போய்ப் பார்த்து வருவது?
3. நம் மாவட்டத்தில் ஏழை முதியோருக்கு எத்தனை இலவச இடங்கள் உள்ளன? அடுத்த கிராம சபையில் இதைக் கேட்பது யார்?

பெரியவர்களைக் கேளுங்கள். இடத்தைப் பாருங்கள். சான்றிதழைப் படியுங்கள். பிறகு சேருங்கள்.